வரப்பிலிருந்து பணியாரச் சட்டி வரை

கோடை விடுமுறை வந்தாலே பிள்ளைகளைப் பற்றிய கடிதங்கள் குவிந்துவிடும். இந்த முறை அவற்றில் பெரும்பாலானவை நேராக அடுப்படிக்குள் நுழைந்துவிட்டன. பிள்ளைகளோடு சேர்ந்து சுடுவது, அவிப்பது, அந்தச் சாக்கில் மண்ணையும் பயிரையும் காட்டுவது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். அதனால் இந்த வாரம் வேறு கேள்விகளுக்கு இடமில்லை.

ஐந்து வயது மகள் தினமும் "கேக் சுடுவோம்மா" என்கிறாள். வீட்டில் ஓவன் இல்லை. வாங்கிவிடலாமா?
– ஒரு தாய், அலங்காநல்லூர்

வேண்டாம். பணியாரச் சட்டி இருக்கிறதல்லவா? அதுவே போதும். ஓவனுக்குள் நடப்பதைக் குழந்தை கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்க்க முடியும். பணியாரச் சட்டியில் எல்லாக் குழியும் திறந்தே இருக்கும். ஓரத்தில் மாவு நிறம் மாறுவதையும், நடுவில் குமிழி வெடிப்பதையும், குச்சியால் புரட்டியதும் சிவந்த முதுகு தெரிவதையும் அவள் தன் கண்ணாலேயே பார்ப்பாள்.

ஒரு டம்ளர் பச்சரிசி, ஒரு கைப்பிடி உளுந்து. இரண்டையும் ஊறவைத்து அரைத்துச் சில மணி நேரம் மூடி வையுங்கள். வெல்லத்தைக் கரைத்து, மண் போக வடிகட்டிச் சேருங்கள். நன்றாகக் கனிந்த மலைவாழைப்பழம் இரண்டை அவள் கையாலேயே பிசையட்டும். ஏலக்காய், தேங்காய்த் துருவல், சட்டிக்கு நல்லெண்ணெய். ஊற்றுவதும் புரட்டுவதும் உங்கள் வேலை. மற்றதெல்லாம் அவளுடையது.

பழம் வாங்கும்போது சிறுமலைப் பழமா என்று கேட்டு வாங்குங்கள். சிறுமலை வாழைக்கு 2008-09-ஆம் ஆண்டிலேயே புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. மாடியில் ஏறி நின்றால் வடக்கே தெரிகிற மலைதான் அது. "நீ பிசைகிற பழம் அங்கேயிருந்து இறங்கி வந்தது" என்று சொல்லுங்கள். ஒரு பழத்தைக் குறுக்கே வெட்டி உள்ளே இருக்கும் கறுப்புப் புள்ளிகளையும் காட்டுங்கள். விதையாக வளராமல் நின்றுபோனவை அவை. "அப்ப வாழை எப்படி முளைக்கும்?" என்று கேட்பாள். பதிலை வாயால் சொல்லாதீர்கள். ஏதாவது ஒரு தோப்புக்குக் கூட்டிப்போய்த் தாய்மரத்தின் அடியில் நிற்கும் பக்கக்கன்றைக் காட்டுங்கள்.

"அரிசி எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டால், "ரைஸ் மில்லில் இருந்து" என்கிறான் பேரன். சிரிப்பதா, திருத்துவதா?
– ஒரு தாத்தா, வாடிப்பட்டி

இரண்டும் வேண்டாம் அய்யா. அவன் சொன்னது தப்பே இல்லை. பயணத்தின் கடைசி ஊரைச் சொல்லியிருக்கிறான், அவ்வளவுதான். அங்கிருந்து ஒவ்வொரு ஊராகப் பின்னால் கூட்டிப் போங்கள்.

முதலில் மில். உமி ஒரு பக்கம், தவிடு ஒரு பக்கம், அரிசி ஒரு பக்கம் விழுவதைப் பார்க்கட்டும். பிறகு நெல் காயும் களம், பிறகு வயல். வயலில் நிற்கும்போது வாய்க்காலைக் காட்டி, "இந்தத் தண்ணி எங்கேயிருந்து வருது?" என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் பதில் வேறு ஊரில் கிடைக்காது. பேரணையில் வைகையிலிருந்து பிரிகிற பெரியாறு பிரதானக் கால்வாய்த் தண்ணீர் அது. பேரணைக்கு மேலே வைகை அணை. அதற்கும் மேலே கம்பம் பள்ளத்தாக்கு. அதற்கும் மேலே, மேற்குக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த ஓர் ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிவிட்ட முல்லைப் பெரியாறு அணை. பொறியாளர் பென்னிகுவிக் அதைக் கட்டி முடித்தது 1895-இல். பேரணை முதல் கள்ளந்திரி வரை இருபோகம் விளைவது அந்த நீரால்தான்.

இதை ஒரே நாளில் சொல்லி முடித்துவிடாதீர்கள். இன்று மில், அடுத்த ஞாயிறு வயல், ஒரு லீவு நாளில் பேரணை. ஒவ்வொரு முறையும் வீட்டுக்குத் திரும்பியதும் அந்த அரிசியில் ஏதாவது ஒன்றைச் சேர்ந்து செய்யுங்கள். புட்டோ கொழுக்கட்டையோ இடியாப்பமோ, எதுவானாலும் சரி. நடந்து பார்த்த பொருள் தட்டில் வரும்போதுதான் பிள்ளைக்கு இரண்டும் ஒன்றாகிறது. இதை ஆழமாக நம்புகிறேன்.

ஆண் பிள்ளையை அடுப்படியில் விடாதே என்கிறார் மாமியார். என்ன சொல்வது?
– பெயர் வேண்டாம், சோழவந்தான்

திருமங்கலம் பக்கம் வடக்கம்பட்டி முனியாண்டி கோயில் திருவிழாவுக்கு அவரை ஒரு முறை அழைத்துப் போங்கள். இரவெல்லாம் அண்டா அண்டாவாகப் பிரியாணி கிண்டிச் சாமிக்குப் படைத்து ஊருக்கே போடுகிறவர்கள் ஆண்கள்தான். அவர்களும் ஒரு காலத்தில் யாரோ ஒரு அப்பத்தாவின் பேரன்கள்.

அங்கன்வாடியில் சின்னப் பிள்ளைகளை வைத்து அடுப்பெல்லாம் பற்றவைக்க முடியாது. நெருப்பே இல்லாமல் எதைச் சொல்லிக் கொடுப்பது?
– அங்கன்வாடிப் பணியாளர், பாலமேடு

பாசிப்பயறு. ஒரு கைப்பிடி போதும்.

முதல் நாள் ஊறவையுங்கள். மறுநாள் தண்ணீரை வடித்து ஈரத்துணியில் மூட்டை கட்டித் தொங்கவிடுங்கள். காலையில் பிள்ளைகள் வந்ததும் முதல் வேலை மூட்டையைத் தொட்டுப் பார்ப்பது. வெயில் காலத்தில் ஒரே இரவில் வெள்ளை வால் எட்டிப் பார்த்துவிடும். பாதியை ஆவியில் வேகவைத்துத் தேங்காய்ப்பூவும் உப்பும் தூவித் தின்னக் கொடுங்கள். ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு முளைப்பயறைப் பச்சையாகக் கொடுக்க வேண்டாம். வேகவைப்பதை மட்டும் சமையலறையில் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

மீதிப் பாதியைச் சுவரோரமாக மண்ணில் ஊன்றச் சொல்லுங்கள். வயிற்றுக்குப் போனதும் மண்ணுக்குப் போனதும் ஒரே மூட்டையிலிருந்து வந்தவை என்பதுதான் இதில் முக்கியம். ஒரு மாதம் கழித்து ஒரு செடியை மட்டும் மெதுவாகப் பிடுங்கி வேரைக் கழுவிக் காட்டுங்கள். சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். ஒன்றை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு. அந்த நிறம் இருந்தால், காற்றில் இருக்கும் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு உரமாக்கித் தரும் பாக்டீரியா உள்ளே வேலையில் இருக்கிறது என்று அர்த்தம். பயறு போட்ட வயலில் அடுத்த பயிர் நன்றாக வரும் என்று நம் பெரியவர்கள் சொன்னதன் காரணம் அந்த முடிச்சுக்குள்தான் இருக்கிறது. நான்கு வயதுப் பிள்ளைக்கு நைட்ரஜன் புரியாது. முடிச்சு புரியும், நிறம் புரியும். பெயர் பின்னால் வரட்டும்.

இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் காத்திருந்தால் காய் கறுத்துக் காய்ந்துவிடும். உடைத்து எண்ணச் சொல்லுங்கள். ஊன்றியது ஒன்று, கிடைத்தது எத்தனை? கணக்குப் பாடமும் சேர்ந்தே முடிந்துவிடும்.

மைதா நல்லதா, கெட்டதா? பிள்ளைக்கு எப்படிச் சொல்வது?
– ஒரு தந்தை, கல்லணை

"விஷம்" என்று பயமுறுத்தாதீர்கள். நாளைக்கு அவன் பரோட்டாக் கடையில் உட்கார்ந்து உங்களை நம்பாமல் போவான். கோதுமையை வாங்கி வந்து அம்மியிலோ மிக்ஸியிலோ உடைத்துச் சலித்துக் காட்டுங்கள். மேல் தோலும் முளைப்பகுதியும் நீங்கியபின் மிஞ்சும் வெள்ளை மாவுதான் மைதா. நார்ச்சத்தும் வேறு பல சத்துகளும் போனது எங்கே என்று சல்லடையே சொல்லிவிடும்.

எனக்கு வேறொரு குறையும் உண்டு. கோதுமை வயலை நம் சமவெளியில் காட்ட முடியாது. குளிரில் வளர்கிற பயிர் அது. வடக்கே நவம்பர் வாக்கில் விதைத்துக் கோடை தொடங்கும்போது அறுப்பார்கள். நம் பிள்ளைகள் பள்ளியில் காலை உணவாக ரவா உப்புமா சாப்பிடுகிறார்கள். அந்தத் திட்டமே 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில்தான் தொடங்கியது. அந்த ரவைக்கான கோதுமை எத்தனை மாநிலம் தாண்டி வருகிறது என்று இந்திய வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டுங்கள். அதுவும் பாடம்தான். ஆனால் முதல் பாடமாக வேண்டாம். நடந்தே போய்ப் பார்க்கக்கூடிய தானியத்தில் தொடங்குவோம்.

யூடியூப் பார்த்துக் கம்பு மாவில் பிஸ்கட் சுட்டோம். கையில் எடுத்ததும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. மகளுக்கு அழுகை. எங்கே தவறு?
– கல்லூரி ஆசிரியை, மதுரை

தவறு உங்களுடையதில்லை, கம்பினுடையதும் இல்லை. கோதுமையில் குளூட்டன் என்ற பசைப் புரதம் இருக்கிறது. பிசையப் பிசைய அது வலைபோலப் பின்னி மாவைப் பிடித்துக்கொள்ளும். கம்பு, கேழ்வரகு, குதிரைவாலி எதிலும் அது இல்லை. அதனால்தான் நம் அப்பத்தாக்கள் கேழ்வரகு மாவில் வெந்நீரைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றிக் கரண்டிக் காம்பால் கிளறி, சூடு பொறுக்கும் பதத்தில் பிசைந்து, ஈரத்துணியில் அடை தட்டினார்கள். சூட்டில் மாவுச்சத்து கொழகொழப்பாகிப் பிடிப்புத் தரும்.

மகளிடம் இரண்டு உருண்டைகளைக் கொடுங்கள். ஒன்று கோதுமை, ஒன்று கம்பு. இரண்டையும் இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று நீளும், ஒன்று அறுந்துவிடும். அழுத கண் அகலமாகிவிடும். பிறகு முருங்கைக்கீரை உருவிப் போட்டுக் கம்பு அடை தட்டுங்கள். கீரை உருவுவது மூன்று வயதுக் கைக்கும் வரும்.

எட்டு வயது மகளுக்கு வெல்லம், சர்க்கரை என்று சொல்லித் தருகிறேன். "நம்ம ஊர் சர்க்கரை ஆலை ஏன் ஓடலை?" என்று கேட்கிறாள். என்ன பதில் சொல்ல?
– கரும்பு விவசாயி, அலங்காநல்லூர் அருகில்

உண்மையைச் சொல்லுங்கள். நம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையில் அரவை நின்று ஆண்டுகள் ஆகிவிட்டன. மழை பொய்த்தால் கரும்பு குறையும். கரும்பு குறைந்தால் ஆலை தடுமாறும். ஆலை நின்றால் கரும்பு போடுகிறவரும் வேறு பயிருக்குப் போய்விடுவார். சாப்பாட்டுக்குப் பின்னால் மண்ணும் மழையும் மட்டுமல்ல, மனிதர்களும் அவர்கள் வரவுசெலவும் உண்டு என்பது எட்டு வயதில் புரியக்கூடியதுதான். ஆலையைத் திறக்கச் சொல்லி நீங்கள் போகும் கூட்டத்துக்கு அவளையும் ஒருநாள் அழைத்துப் போகலாம்.

இனி அடுப்புக்கு வருவோம். வெல்லம் காய்ச்சும் கொட்டகை எங்கே இருந்தாலும் தேடிப் போங்கள். பத்துக் கிலோ கரும்பிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோ வெல்லம்தான் கிடைக்கும். கொப்பரையில் சாறு பொங்கி, அழுக்கு நுரையாக மேலே வந்து, பாகு பதம் ஏறுவதைத் தள்ளி நின்று பார்க்கட்டும். பொங்கலுக்கு வாங்கும் செங்கரும்பு வேறு, ஆலைக் கரும்பு வேறு என்பதையும் இரண்டையும் கடித்துப் பார்த்தே அவள் கண்டுபிடிக்கட்டும். பொங்கல் முடிந்ததும் கணுவோடு ஒரு கரணையை வெட்டி மண்ணில் படுக்கவைத்து மூடச் சொல்லுங்கள். விதையில்லாமல் கணுவிலிருந்து முளைக்கிற பயிர். முழுக்கரும்பாக ஏறக்குறைய ஒரு வருடம். சரியாக அடுத்த பொங்கலுக்குக் கைக்கு வரும்.

காளைக்குப் போடும் பருத்திக்கொட்டையிலா பருத்திப்பால் செய்கிறார்கள்? என் பையன் நம்ப மறுக்கிறான்.
– மாடு வளர்ப்பவர், அலங்காநல்லூர்

அதே கொட்டைதான். வீட்டிலேயே செய்து காட்டிவிடுங்கள். கொட்டையை இரவு முழுக்க ஊறவைத்து, ஆட்டி, பிழிந்து பாலெடுக்க வேண்டும். இரண்டு மூன்று தடவை பிழியலாம். வடிகட்டிய பாலை அரிசி மாவு சேர்த்து நன்றாகக் கொதிக்கவிட்டு, கருப்பட்டிப் பாகு, சுக்கு, ஏலக்காய், கடைசியாகத் தேங்காய்த் துருவல். பிழிந்த சக்கையைக் காளைக்கே வைக்கச் சொல்லுங்கள், அவன் கையால்.

பஞ்சு சட்டைக்கு, பால் நமக்கு, சக்கை மாட்டுக்கு, சாணி வயலுக்கு. பொங்கலுக்கு மூன்றாம் நாள் வாடிவாசலில் பாய்கிற காளையை ஊரே பார்க்கிறது. மீதி நாளெல்லாம் அது என்ன தின்கிறது என்று பார்க்கிற பாக்கியம் உங்கள் பையனுக்கு வாய்த்திருக்கிறது.

சூடு பட்டுவிடுமோ என்ற பயத்திலேயே பிள்ளையை உள்ளே விடுவதில்லை.
– ஒரு தாய், பரவை

பயம் நியாயமானது. அதற்காகக் கதவைச் சாத்த வேண்டாம், வேலையைப் பிரியுங்கள். மூன்று வயதுக்குக் கழுவுவது, உருவுவது, கிள்ளுவது. ஐந்து வயதுக்குப் பிசைவது, உருட்டுவது, அளப்பது. எட்டு வயதுக்குமேல், நீங்கள் பக்கத்தில் நின்றால் தோசை ஊற்றலாம். அடுப்பைத் தரையில் வைக்காதீர்கள். சட்டியின் கைப்பிடி உள்பக்கம் பார்க்கட்டும். பாவாடையோ துண்டோ தொங்க வேண்டாம்.

அப்படியும் சுட்டுவிட்டால் குழாயைத் திறந்து ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் பிடியுங்கள். பற்பசை, இங்க், மாவு, மஞ்சள், ஐஸ்கட்டி எதுவும் வேண்டாம். கொப்பளம் பெரிதாக இருந்தாலும், முகம் கை விரல் என்று பட்டிருந்தாலும் நேராக ஆஸ்பத்திரிக்கு.

மாவு ஏன் பொங்குகிறது என்று கேட்டால் என்ன சொல்ல?
– ஐந்தாம் வகுப்பு ஆசிரியர், பாலமேடு

இட்லி மாவை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பாதிவரை ஊற்றி, மாவின் மட்டத்தில் ஒரு ரப்பர் பேண்டு போடுங்கள். இன்னொரு பாட்டிலை ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் ரப்பர் பேண்டுக்கு மேலே எது போயிருக்கிறது? அரிசியிலும் உளுந்திலும் இயல்பாகவே இருக்கும் பாக்டீரியாக்கள், முக்கியமாக லியூகோனாஸ்டாக் என்ற இனம், சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவை விடுகின்றன. உளுந்தின் வழவழப்பு அந்த வாயுவைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. புளிப்பும் அவற்றின் வேலையே. பேக்கரி பன்னில் இதே வேலையைச் செய்வது ஈஸ்ட். மார்கழியில் ஒரு முறை, சித்திரையில் ஒரு முறை நேரம் குறித்துப் பார்க்கச் சொல்லுங்கள். குளிரில் தூங்கி, வெயிலில் துள்ளும் உயிர்கள் அவை என்று அவர்களே எழுதிவிடுவார்கள்.

பிள்ளைகளைச் சமைக்கவைத்துப் பாடம் சொல்வதெல்லாம் வெளிநாட்டு மோகம்தானே?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மேலூர்

மன்னிக்க வேண்டும் ஐயா, அப்படி இல்லை. கூட்டாஞ்சோறு ஆக்கிய ஊர் நம்முடையது. ஒருத்தி அரிசி, ஒருத்தி பருப்பு, ஒருவன் சுள்ளி என்று வீட்டுக்கு வீடு வாங்கி வந்து மரத்தடியில் பொங்கித் தின்றவர்கள் பிள்ளைகள்தாம். திருநெல்வேலிச் சீமையில் சிறுவீட்டுப் பொங்கல் உண்டு. மார்கழி முழுக்கக் கோலத்தில் வைத்த பூக்களைச் சாணத்தோடு எருவாகத் தட்டிக் காயவைத்து, தையில் மண்ணால் சின்ன வீடு கட்டி, அதன் முன்னால் சிறுமிகள் பொங்கலிட்டு, அந்தப் பூவெருவை ஆற்றில் விடுவார்கள்.

எனக்கு மிகப் பிடித்தது சேலம், நாமக்கல், கரூர்ப் பக்கத்து ஆடி முதல் நாள். தேங்காயின் நாரை உரித்து மழமழவென்று தேய்த்து, ஒரு கண்ணைத் திறந்து, கொஞ்சம் தண்ணீரை வடித்துவிட்டு, பாசிப்பருப்பு, அவல், எள், வெல்லம் எல்லாம் உள்ளே போடுவார்கள். அழிஞ்சில் குச்சியைச் செருகி, மஞ்சள் பூசி, தெருவில் தீ மூட்டி, பிள்ளைகள் வரிசையாக நின்று சுடுவார்கள். ஓடு வெடித்ததும் பிள்ளையாருக்குப் படைத்துவிட்டுத் தின்பார்கள். உள்ளே இருப்பதெல்லாம் தேங்காய்த் தண்ணீரிலேயே வெந்திருக்கும். மூன்று கண்ணில் ஒன்றுதான் எளிதாகத் திறக்கும். ஏனென்றால் முளை வருவது அந்த வழியாகத்தான். இதைவிடத் தெளிவான தாவரவியல் வகுப்பை நான் பார்த்ததில்லை.

வெளியிலிருந்து வந்ததையும் தள்ள வேண்டாம். இத்தாலியில் பிறந்த மரியா மாண்டிசோரி 1939-இல் அடையாறுக்கு வந்தார். போர்க்காலத்தில் ஊர் திரும்ப முடியாமல், 1940-களின் தொடக்கத்தில் நம் கொடைக்கானலில் தங்கிப் பிள்ளைகளோடு செடியும் பூச்சியும் பார்த்துத் தன் இயற்கைக் கல்வியை விரித்தார். சிறுமலையின் அந்தப் பக்கம் காந்தியவாதிகளான சௌந்தரமும் ராமச்சந்திரனும் 1947-இல் தொடங்கிய காந்திகிராமத்தில், கைவேலையின் வழியே கற்பிக்கும் ஆதாரக் கல்வி வேரூன்றியது. இந்த இரண்டு வழிகளும் வந்து நின்ற இடம் நம் பிள்ளைகளின் மரத்தடிக்கு ரொம்ப தூரமில்லை.

கோயில் பிரசாதத்தில் இப்படி ஏதாவது சொல்லித்தர இருக்கிறதா?
– ஒரு பாட்டி, அழகர்கோவில் சாலை

அழகர்கோவில் தோசை இருக்கிறதே அம்மா! பக்தர்கள் விளைச்சலிலிருந்து காணிக்கையாகத் தருகிற தானியத்தில் செய்யப்படும் தோசை. தோல் நீக்காத கறுப்பு உளுந்து, மிளகு, சீரகம், சுக்கு, நெய். வீட்டில் அடை கனத்தில் ஊற்றிப் பார்க்கலாம். உளுந்தின் கறுப்புத் தோலைப் பேத்தி கேட்பாள். அந்தத் தோலோடுதான் அது செடியில் இருந்தது என்று சொல்லுங்கள்.

கேக்குக்கு முட்டை உடைக்கும்போது மகள் கேட்டாள்: "இதுக்குள்ள குஞ்சு இருந்துச்சா?" வாயடைத்துப் போனேன்.
– ஒரு தாய், குமாரம்

கடை முட்டையில் இருக்காது. பண்ணையில் சேவல் சேராமல் இடுகிற முட்டை அது, எத்தனை நாள் வைத்தாலும் பொரிக்காது. சேவலோடு திரியும் நாட்டுக்கோழி இடும் முட்டையை அடைவைத்தால் பொரிக்கும். இதை மறைக்காமல் சொல்லுங்கள். கேட்டபின் முட்டையே வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சாப்பிடுவேன் என்றாலும் சரிதான்.

அதோடு நிறுத்தாமல், அடைகாக்கும் கோழி இருக்கும் வீட்டுக்கு அவளை அழைத்துப் போங்கள். ஒரு வாரம் ஆனதும் இருட்டறையில் முட்டையை டார்ச் வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே சிவப்பு நரம்புகள் ஓடுவது தெரியும். பொரிக்க 21 நாள். அந்த 21-ஆம் நாள் பள்ளி நாளாக இருந்தால் கட்டாயம் லீவு கேட்பாள். கொடுத்துவிடுங்கள்.